ஆடி மாதக் கல்யாணம்

தண்ணீர் தலையில் விழுகிறது, ஒரு மலையே கரைந்து விழுவதுபோல, நான் கண்ணை மூடி இடுப்புத் துண்டை இறுக்கிப் பிடித்திருக்கிறேன், பெரம்பூரில், ரெஜினா டீச்சர் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழியும் குழாய்க்கு அடியில், டீச்சர் மோட்டாரைப் போட்டுவிட்டு சீரியல் பார்த்து அழ உட்கார்ந்தால் தொட்டி வழிந்துகொண்டே இருக்கும், எனக்கு அது குற்றாலம், மெயினருவி, சத்தியமாக மேலேயிருந்து ஒரு குரங்குகூட எட்டிப் பார்த்தது. யாரது அங்க, என்றது குரங்கு, கண்ணைத் திறந்தால் டீச்சர், கையில் துடைப்பம், இன்னுமா நீங்க ஊருக்குப் போகல?

அந்த வீட்டில் நான் இல்லாத ஆள். டீச்சர் எழுதிய வாடகை ஒப்பந்தத்தில் என் மகள் பேச்சி, மருமகன், பேத்தி, அவ்வளவுதான், நான்காவது ஆள் தங்கக் கூடாது, முன்னால் குடியிருந்தவர்கள் ஒரு தாலுகாவையே கொண்டுவந்து இறக்கிவிட்டார்களாம். ரயில்வே கார்டு வேலை முடிந்து குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது எனக்கென்று மிஞ்சியது ஒரு டிரங்குப்பெட்டியும் பேச்சியும்தான், அவளுடைய சமையலறை மூலையில் நான் சுருண்டு படுத்தால் குக்கர் விசிலடிக்கும், என் ரயில் புறப்பட்டுவிடும், பச்சைக்கொடியை ஆட்டியபடியே தூங்கிப்போவேன். டீச்சர் படியேறி வந்தால் பேச்சிக்கு ஒரே பதில், அப்பா கல்யாணத்துக்கு வந்திருக்காங்க டீச்சர், நான் அதற்குள் பட்டுவேட்டிக்கு மாறியிருப்பேன், தையிலிருந்து சென்னையில் என் ஆசீர்வாதம் இல்லாமல் ஒரு தாலியும் ஏறவில்லை, வைகாசியில் மட்டும் ஆயிரம் பந்தி. கீழ்வீட்டில் தனியாக இருக்கும் டீச்சர் எங்கள் வாசலிலேயே நின்று, பாயசம் எப்படி, என்று கேட்பார், முந்திரியை விலக்கிட்டுப் பாயசத்தைத் தேட வேண்டியதாப் போச்சு டீச்சர், என்பேன், அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு.

துடைப்பத்தோடு நின்றவரிடமும் பேச்சி ஓடிவந்து அதையே சொல்கிறாள், நாளைக்கு ஒரு கல்யாணம் டீச்சர். ஏம்மா, ஆடி மாசத்துல எவன் கல்யாணம் வெக்கிறான், சர்ச்சுக்குப் போற எனக்கே தெரியுதே, உங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியலையா? தண்ணீர் சொட்டச் சொட்ட நான், பொண்ணு வீட்ல அவசரம் டீச்சர், என்றேன், டீச்சர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பெரியவரே, என்னை மாசக்கணக்கா முட்டாளாக்கியிருக்கீங்க, நீங்க ஒருத்தர் கிளம்புங்க, இல்லேன்னா நாலு பேரும் கிளம்புங்க.

கிளம்பினேன். பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு முறுக்குப் பொட்டலம் கட்டினாள், ஏட்டி, எதுக்கு அழுத, குத்தாலத்துல சாரல் கட்டிக் கெடக்கு, ராசா மாதிரி போறேன், என்றேன், ரயில் நகர்ந்தபோது ஆட்டுவதற்குக் கையில் கொடி இல்லை.

தென்காசியில் தம்பி வீட்டு மாடியறை, கீழே அடிக்கும் குக்கர் விசில் அங்கே எட்டுவதில்லை, தினமும் அருவிக்குப் போகிறேன், அசல் அருவி, குரங்குகளும் அசல், ஆனால் யாரது அங்க என்று கேட்க ஓர் ஆள் இல்லை. நேற்றா, சற்று முன்பா, பேச்சி போனில் பேசுகிறாள், யப்பா, தொட்டி வழிஞ்சுகிட்டே கெடந்துச்சு, டீச்சர் மோட்டாரை நிறுத்தாம அதையே பாத்துகிட்டு நின்னாங்க, பொறவு கேக்காங்க, ஏம்மா, ஆவணி பொறக்கப் போகுது, உங்கப்பாவுக்கு ஒரு கல்யாணம்கூட இல்லையான்னு.

பட்டுவேட்டியோடு நிற்கிறேன், தண்ணீர் தலையில் விழுகிறது, மலை ஒடுங்கி ஒடுங்கி ஒரு சின்னக் குழாயாகிறது, எங்கோ விசிலடிக்கிறது, மேலேயிருந்து குரங்கு எட்டிப் பார்க்கிறது, யாரது அங்க, கல்யாணத்துக்கு வந்திருக்கேன் டீச்சர்.