நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்

1

அன்று மாடி அறையில் இருந்தவர்கள்: ஆங்கில வகுப்பு நடத்தும் ஆசிரியை, அவளுடைய மாணவர்கள் பதினோரு பேர், அவர்களில் ஒருத்தியான, பதினான்கு வயது நிரம்பிய அவள் மகள் (வீட்டில் ‘கேள்வி’ என்று கூப்பிடுவார்கள், காரணம் சொல்லத் தேவையில்லை), ஆசிரியையின் தகப்பனார், பெற்றோர் தரப்பில் மருந்துக்கடைக்காரரும் தையல்கடை அம்மாளும், ஆசிரியையின் மாமனாரான பெரியவர். ஆசிரியையின் கணவன் வேலைக்குப் போயிருந்தான்.

இந்தப் பட்டியலை முதலிலேயே வைப்பதற்குக் காரணம் உண்டு. நடந்ததைப் பற்றி இன்று அதிகம் பேசுகிறவர்கள் எல்லோரும் அன்று அந்த அறையில் இல்லாதவர்கள்.

இது கதையாக இருக்க வேண்டியதே அல்ல. வகுப்பு தொடங்கிப் பத்தாண்டு ஆவதால் ஒரு மலர் போடுகிறார்கள். ‘மாணவர்கள் ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்வதன் அவசியம்’ என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியை என்னிடம் கேட்டாள். ஒப்புக்கொண்டேன். மூன்று வாரம் ஆகிறது. கட்டுரை எழுத உட்கார்ந்தால் அந்த அறைதான் வந்து நிற்கிறது.

2

தூக்கிப்போட்ட தொடக்கங்கள்:

“சொற்கள் செங்கற்களைப் போன்றவை. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக” — செங்கல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

“தினம் பத்துச் சொல் மனப்பாடம் செய்தால் ஓராண்டில் மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது சொல்” — பெருக்கல் சரி. ஆனால் இந்த வகுப்பில் யாரையும் மனப்பாடம் செய்ய விடுவதில்லை. பெற்றோர்கள் சிரிப்பார்கள்.

ஆகவே வகுப்பின் முறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை. முன்பக்கம் ஆங்கிலச் சொல். பின்பக்கம் அந்தச் சொல்லை வைத்து ஒன்றிரண்டு வாக்கியம். அகராதியில் இருக்கும் பொருளை எழுதக் கூடாது. மாணவன் தன் கண்ணால் பார்த்த ஒன்றைத்தான் எழுத வேண்டும். ஆசிரியை படித்து, விசாரித்து, பச்சை மையில் கையெழுத்துப் போடுவாள். பிறகு அட்டை அவனவன் செருப்புப் பெட்டிக்குள் போகும். சுவரில் விதி ஒட்டியிருக்கிறது: ‘பார்த்ததை எழுது. ஓர் அட்டை பொய்யானால் பெட்டி காலி.’

தையல்கடை அம்மாளின் மகள் ‘ஸ்டபர்ன்’ என்ற சொல்லைத் தன் அம்மாவின் அடம்பிடிக்கும் பழைய மிஷினை வைத்து எழுதினாள். மருந்துக்கடைக்காரரின் மகன் ‘சீக்ரெட்’ என்ற சொல்லுக்கு, அப்பா கதவைச் சாத்திக்கொண்டு தலைக்குச் சாயம் பூசுவதை எழுதினான். அடுத்தவர் வீட்டு விஷயத்தை நான் இங்கே எழுதமாட்டேன். எழுதிவிட்டேன் போலிருக்கிறது, இருக்கட்டும்.

இந்த முறை பலிக்கிறதா என்றால் பலிக்கிறது. ஒரு சொல்லுக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் ஆள் கிடைத்துவிட்டால் அந்தச் சொல் மறப்பதில்லை. அதே காரணத்தால் அந்த ஆளும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.

நானூறு அட்டை தாண்டியவர்களைத்தான் பள்ளிகளுக்கு இடையிலான சொற்போட்டிக்கு அனுப்புவார்கள். இந்த ஆண்டு தாண்டியவள் கேள்வி ஒருத்தி. நானூற்றுப் பன்னிரண்டு.

3

பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பாத்திரத்தைத்தான் நான் அதிகம் திருத்தினேன். முதல் வரைவில் நல்ல உயரமாக இருந்தார்.

முப்பத்தெட்டு ஆண்டு ஓர் அலுவலகத்தின் கடிதப் பிரிவில் வேலை பார்த்தவர். அந்தப் பிரிவில் மொத்தம் பதினொரு மாதிரிக் கடிதங்கள்தான். வந்த கடிதம் கிடைத்தது என்பதற்கு ஒன்று, நினைவூட்டலுக்கு ஒன்று, வருத்தம் தெரிவிக்க ஒன்று, இப்படி. பதினொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். அவர் எழுதிய கடிதம் ஒன்றுகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பதினொரு கடிதத்துக்கு வெளியே அவருக்கு ஆங்கிலம்

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.)

தெருவில் அந்த வீட்டுக்கு ‘இங்கிலீஷ்காரர் வீடு’ என்று பெயர். வகுப்புக்கு முதல் மாணவர்கள் சேர்ந்ததே அந்தப் பெயரால்தான். ஆசிரியையின் தகப்பனாரும், “இங்கிலீஷ் தெரிஞ்ச குடும்பம்னுதான் பொண்ணு குடுத்தேன்” என்று இன்றைக்கும் சொல்வார். தினமும் காலை ஏழு மணிக்குப் பெரியவர் வாசல் பக்கத்து நாற்காலியில் ஆங்கிலப் பேப்பரோடு உட்காருவார். தெருவில் போகிறவர்களுக்குப் பேப்பர் தெரியும், அதற்குமேல் மூக்குக்கண்ணாடி தெரியும். எட்டு மணிக்கு மடித்து வைத்துவிட்டு ஒரு கருத்துச் சொல்வார். ஒரு வீட்டின் மானம் என்பது இந்த மாதிரிச் சின்னச் சின்ன ஒழுங்குகளில்தான் இருக்கிறது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

4

பெற்றோர் பார்வைக்காக அன்று அறையில் கயிறு கட்டி, ஒவ்வொரு மாணவனின் நல்ல அட்டைகளாகப் பார்த்து க்ளிப்பில் தொங்கவிட்டிருந்தாள் ஆசிரியை. சொல் இருக்கும் பக்கம் முன்னால் தெரியும்படி. ஒரே குறை, ஃபேனை நிறுத்தி வைத்திருந்தாள்.

“என்ன சம்பந்தி, இப்படி வேர்க்குது உங்களுக்கு?” என்றார் பெரியவர். “அம்மா, அந்த ஃபேனப் போடு.”

“வேணாம் மாமா, அட்டையெல்லாம் திரும்பிடும்.”

“க்ளிப்பு போட்டுத்தானே இருக்கு? வீட்டுக்கு வந்தவர வேக வெக்கறதா? போடும்மா.”

போட்டாள்.*

அட்டைகள் திரும்பின. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஓர் அட்டையைப் பிடித்தார்.

“அட, பின்னாடி கதையெல்லாம் இருக்கே!”

“சார், பின்பக்கம் படிக்கறதில்ல. அது பசங்களோட—”

“ஒண்ணே ஒண்ணு டீச்சர். எம்பையன் என்ன எழுதறான்னு எனக்குத் தெரிய வேணாமா?”

அவர் பிடித்தது அவர் பையனுடையது அல்ல. முன்பக்கம் ‘ப்ரிடெண்ட்’ என்று இருந்தது. பின்பக்கத்தை ஆங்கிலத்தில் படித்தார். பிறகு தையல்கடை அம்மாளுக்கும் புரியட்டும் என்று தமிழில் சொன்னார்: “என் தாத்தா தினமும் ஆங்கிலப் பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்கிறார். திங்கள் முதல் புதன் வரை நான் ஒரே பழைய பேப்பரை மாற்றி வைத்தேன். புதன்கிழமையும் அவர் ‘இன்றைக்கு விசேஷமாக ஒன்றும் இல்லை’ என்றார்.”

சம்பந்திதான் முதலில் சிரித்தார். “மூணு நாளும் ஒரே பேப்பரா? விசேஷம் எப்படி இருக்கும்!”

பெரியவர் அசையவில்லை. “சொல்லு படிக்கணுமேன்னு கற்பனையா ஏதோ எழுதியிருக்கா. கொழந்ததானே.”

அத்தோடு போயிருக்கும். தையல்கடை அம்மாள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். “கற்பனையா எழுதினா பெட்டி காலின்னு எம்பொண்ணு சொல்லுவாளே?”

“அதானே!” என்றார் மருந்துக்கடைக்காரர். “போன வருஷம் எம்பையன் பெட்டிய கவுத்தீங்க. எண்பது அட்டை. ரெண்டு நாள் சோறு எறங்கல அவனுக்கு. டீச்சர் பொண்ணுன்னா தனிச் சட்டமா?”

ஆசிரியை மகளைப் பார்த்தாள். “நீ பாத்து எழுதினியா, சும்மா எழுதினியா?”

கேள்வி பெரியவரைப் பார்த்தாள். பெரியவர் ஃபேனைப் பார்த்தார்.

“சும்மா எழுதினேம்மா.”

“நெஜமாவா?”

“ஆமா. சும்மா.”

அவள் கண்களில் நீர் முட்டி (இதை வெட்டிவிட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.) அவளே போய்ச் செருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளே அதைக் கோணிப்பையில் கவிழ்த்தாள். கயிற்றில் தொங்கிய தன் அட்டைகளையும் ஒவ்வொரு க்ளிப்பாகக் கழற்றிப் போட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

* ஃபேனைப் போடச் சொன்னது வேறு யாராவதாக இருக்கலாமா என்று இரண்டு வரைவுகளில் முயன்று பார்த்தேன். ஒன்றில் சம்பந்தியே கேட்கிறார். ஒன்றில் தையல்கடை அம்மாள். இரண்டும் கதையாக நன்றாகவே இருந்தன.

5

இனி ஒரு சந்தேகம். பெரியவரைப் பற்றி அல்ல, ஆசிரியையைப் பற்றி.

கோணிப்பைக்குள் போனவை நானூற்றுப் பதினொன்று. மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த அட்டையைப் பெரியவர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை. கீழே வந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு எடுத்துப் பார்த்தார். பேத்தியின் கையெழுத்து அவருக்குத் தெரியும். வாக்கியங்களுக்குக் கீழே பச்சை மை இருந்தது.

கதையில் எனக்குப் பிடிபடாத இடம் இதுதான். பச்சை மை என்றால் ஆசிரியை படித்திருக்கிறாள், விசாரித்திருக்கிறாள், உண்மை என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். கயிற்றில் தொங்கவிட்டதும் அவள்தான், நல்ல அட்டை என்று தேர்ந்தெடுத்து. சொல் நல்ல சொல் என்று நினைத்திருப்பாள். பின்பக்கத்தை யார் படிக்கப் போகிறார்கள்? ஆனால் “பாத்து எழுதினியா?” என்று எல்லோர் முன்னாலும் அவள் கேட்டபோது பதில் அவளுக்குத் தெரியும்.

அப்படியானால் அவள் கேட்டது மகளைத்தானா?

அவள் பக்கத்திலேயே கைப்பிடி வைத்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பதில் தெரியும். பேத்தி பதில் சொல்வதற்கு முன்னால், ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் இருந்தது. நான் அளந்து பார்த்திருக்கிறேன். “கொழந்த எழுதினது சரிதான்” என்று சொல்ல அந்த நேரம் போதும்.

இன்னொன்று. பதினேழு ஆண்டுகளாகப் பேப்பரைக் கொண்டுவந்து கொடுக்கிறவள் ஆசிரியைதான். படங்கள் அதிகம் உள்ள பக்கம் மேலே இருக்கும்படிதான் எப்போதும் மடித்துக் கொடுப்பாள். பதினேழு ஆண்டும் அதைத் தற்செயல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நினைத்துக்கொண்டிருந்தார்” என்று எழுத வந்தது, கை தவறிவிட்டது. திருத்தவில்லை. அட்டை என் மேஜைமேல் இருக்கிறது. அந்தப் பெரியவர் நான்தான்.

6

முடிவுகள்.

(அ) ஆசிரியை விதியைத் தளர்த்துகிறாள். பேத்தி போட்டிக்குப் போய்ப் பரிசோடு வருகிறாள். இது நடக்கவில்லை. போட்டி போன மாதமே முடிந்துவிட்டது. இந்த வகுப்பிலிருந்து யாரும் போகவில்லை.

(ஆ) தாத்தா பேத்தியிடம் மாணவராகச் சேருகிறார். தனக்கென்று ஒரு செருப்புப் பெட்டி வைத்துக்கொள்கிறார். படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வசதியான முடிவு. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எனக்கென்று ஒரு கௌரவம் இருக்கிறது. அதில் மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

(இ) நேற்று மாலை நடந்தது. இதை முடிவு என்று சொல்ல முடியாது.

“என்ன தாத்தா, இன்னும் எழுதி முடிக்கலயா? அம்மா அச்சுக்குக் குடுக்கணும்னு கத்திட்டு இருக்காங்க.”

“கட்டுரைன்னா சும்மாவா? நேரமாகும்.”

“எதப் பத்தி?”

“சொல்வளம்.”

“பாத்து எழுதறீங்களா, சும்மா எழுதறீங்களா?”

“வாய் ரொம்ப நீளுது உனக்கு. போய் வேலையப் பாரு.”

போனாள். போகிறபோது மேஜையில் இருந்த அட்டையைப் பார்த்தாளா, பார்க்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. பெட்டியை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறாள். இருபத்துமூன்று ஆகியிருக்கிறது. அதில் ஒன்றில்கூட நான் இல்லை என்று அவள் அம்மா சொன்னாள். எதற்காக அதை என்னிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் பேப்பர் வருகிறது. அதே நாற்காலியில்தான் உட்காருகிறேன். பக்கத்தை மட்டும் திருப்புவதில்லை.

மலரில் இதை அச்சிடுவதா, கிழித்துப்போடுவதா என்பது ஆசிரியையின் பொறுப்பு. பச்சைப் பேனா அவளிடம்தான் இருக்கிறது. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவள் என்ன செய்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதும்போது எனக்குத் தெரியாது. இதைப் படித்த பிறகு என் பேத்தி என்ன செய்வாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. அது அவள் எழுத வேண்டியது.

7

ஒரு திருத்தம்.

டீச்சரின் மகள் பெட்டி நிறையப் பொய் எழுதி வைத்திருந்தாள் என்றும், பெற்றோர் முன்னால் அது பிடிபட்டது என்றும் மருந்துக்கடையில் தொடங்கி அவள் பள்ளி வரைக்கும் பேச்சு இருக்கிறது. அது தவறு. நானூற்றுப் பன்னிரண்டு அட்டையும் உண்மை. அவள் அன்று சொன்ன பொய் ஒன்றே ஒன்று. அது எந்த அட்டையிலும் இல்லை.