கமலவேணி போடாத கையெழுத்து

போன வருடம் சூரசம்ஹார நாடகத்தில் வீரபாகு வேஷம் யாருக்கு என்று இரண்டு வீட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டதில் ஒருவருக்கு முன்பல் போனது. அதனால் இந்த வருடம் நெசவாளர் தெருக் கமிட்டியின் செயலாளர் சிவபாலன், நாடகம் எழுதும் பொறுப்பைத் தன் மகள் கீர்த்தியிடம் கொடுத்துக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"நம்ம ஊரு ராஜா, சாமி, அசுரன் எவனும் வேணாம். எவனுக்கும் சொந்தக்காரனா இல்லாத ராஜாவா பாத்து எழுதுமா. தூரத்துல இருக்கறவனா."

கீர்த்தி இங்கிலாந்து வரைக்கும் போனாள். இனி வரப்போகும் ஏதோ ஒரு காலத்தில், எட்மண்ட் என்று ஒரு புது ராஜா. பாராளுமன்றம் நிறைவேற்றுகிற சட்டத்தில் கையெழுத்துப் போடுவதுதான் அவனுக்கு வேலை. கடலோரக் கிராமம் ஒன்றைக் காலி செய்யும் சட்டம் வருகிறது. ராஜா பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான்.

பிரதமர் வேஷத்தை சிவபாலன் தானே எடுத்துக்கொண்டார். ராஜா வேஷத்துக்கு ஆள் தேடும்போது யாரோ சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "அதுக்குத்தான் கமலவேணி இருக்குதே."

கமலவேணிக்கு நாற்பத்தெட்டு வயது. கணவன் இல்லை. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. தறிக்குழியில் உட்கார்ந்தாலும் தலை மட்டும் தனியாகத் தெரியும். நான்கு மாதம் முன்பு அவள் அப்பா பரமசிவம் இறந்தபோது, தெருவின் பெரியதனம் ஆண்பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவளுக்கு வந்து சேர்ந்தது. பெரியதனத்துக்கு இரண்டே வேலைகள். சாமி புறப்பாட்டில் பரிவட்டம் கட்டிக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். பல்லக்கு ஒருபோதும் பெரியதனத்தைத் தாண்டிப் போகாது. கமிட்டியின் பத்துப் பேர் எடுக்கும் தீர்மானத்தில் கடைசி வரியில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வரி காலியாக இருந்தால் தீர்மானம் செல்லாது. ஆனால் அது காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

ஒத்திகையில் அவள் கேட்டாள். "ஏம்மா கீர்த்தி, அந்த ஊர்ல ராஜா மாட்டேன்னு சொல்லலாமா?"

"சொல்லலாம் அத்தை. ஆனா முந்நூறு வருஷத்துக்கு மேல யாரும் சொல்லல."

"எங்கப்பாவும் அப்படித்தான். படிச்சுப் பாத்துகூடப் போட்டதில்ல."

படிக்காததோடு நிற்கவில்லை. தீர்மான நோட்டு அவள் கைக்கு வந்த அன்று, எழுதாத ஆறு பக்கங்களின் அடியில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. கமிட்டிக்குச் சிரமம் வேண்டாம் என்று முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கமலவேணி ஆறு பக்கங்களிலும் குறுக்கே கோடு இழுத்தாள். சிவபாலனுக்கு அன்றே முகம் சுருங்கியது.

ஐப்பசி பிறந்ததும் பதினேழாம் தீர்மானம் வந்தது. கமலவேணியின் பக்கத்து வீட்டு தேவேந்திரனின் மகள் புவனேஸ்வரி, கூரம் கிராமத்து ஜெயின் குடும்பத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருந்தாள். அதனால் சஷ்டி முதல் நாள் புறப்பாட்டில் சாமி தேவேந்திரன் வாசலில் நிற்கக் கூடாது என்று பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சாமி நிற்காத வாசலுக்குத் தெருவில் யாரும் போக மாட்டார்கள். நல்லது கெட்டது கிடையாது. தறிக்கான பாவு நூலைத் தெருவில் விரித்துப் பிடிக்கக் கை கொடுக்க ஒரு ஆள் வராது.

கமலவேணி முதல் வாரம் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது என்றாள். இரண்டாம் வாரம், கையில் மருதாணி காயவில்லை. மூன்றாம் வாரம் சிவபாலன் நோட்டோடு வந்தபோது, "படிச்சுட்டேன் அண்ணே. ஆனா புடிக்கல" என்றாள்.

"உனக்குப் புடிக்கணும்னு யாரு கேட்டா? ஒரு கையெழுத்து. அவ்ளோதான் உன் வேலை."

அன்று மாலையே அவர் கீர்த்தியைக் கூப்பிட்டு நாடகத்தின் முடிவை மாற்றச் சொன்னார். ராஜா கடைசியில் மனம் மாறிக் கையெழுத்துப் போட வேண்டும். இது கமிட்டி உத்தரவு.

"அப்புறம் கதையே இல்லப்பா."

"கதை வேணாம். சமாதானம் வேணும். இல்லன்னா மேடை கிடையாது."

கீர்த்தி அழுதுகொண்டே மாற்றினாள்.

அமாவாசையன்று தறி ஓடாது. சாயங்காலம் ஆறு மணிக்கே தெரு முழுக்க மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது. சாயம் ஒட்டிப்போய்க் கடையில் எடுக்காத அரக்குப் பட்டில் ராஜாவுக்கு அங்கி. சரிகைக் கழிவைச் சுற்றிய அட்டைக் கிரீடம். மீசை மட்டும் கோந்தில் நிற்காமல் ஒரு பக்கம் தொங்கியது. கமலவேணி ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அதை ஒருமுறை அழுத்திக்கொண்டாள். ஜனங்கள் அதற்கே கைதட்டினார்கள்.

கடைசிக் காட்சி. பிரதமர் சிவபாலன், வாடகைக் கோட்டில் வியர்த்து வழிய, தாம்பாளத்தோடு வந்தார். திரைக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி வசனம் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்த கீர்த்தி, அப்போதுதான் காலடியில் பார்த்தாள். அவள் நாடா கட்டி வைத்திருந்த சட்டச் சுருள் அங்கேயே கிடந்தது.

தாம்பாளத்தில் இருந்தது சிவப்புப் பட்டு உறை போட்ட தீர்மான நோட்டு, பக்கத்தில் ஒரு பேனா.

கமலவேணி பக்கத்தைத் திறந்தாள். பத்துக் கையெழுத்துகள். கீழே ஒரு காலி வரி.

"போடு கமலா" என்றார் சிவபாலன், உதடு அசையாமல். "வசனம் அதுதானே. நாளைக்குக் காலையில சாமி கிளம்பணும்."

ராஜா அங்கிக்குள் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டினான். கூட்டம் சிரித்தது. கண்ணாடி உடைந்திருக்கவில்லை.

"தீர்மானம் பதினேழு" என்று அவள் உரக்கப் படித்தாள். "தேவேந்திரன் மகள் புவனேஸ்வரி வழக்கத்துக்கு மாறாகத் திருமணம் செய்துகொண்டபடியால், சாமி அவர் வாசலில் நிற்பதில்லை என்று தெரு மக்கள் ஏகமனதாக முடிவு செய்திருக்கிறோம்."

இரண்டொருவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அதுவும் நின்றது. கடைசி வரிசையில் தேவேந்திரன் எழுந்து நின்றார். போவதற்கு எழுந்தாரா கேட்பதற்கு எழுந்தாரா என்று தெரியவில்லை.

சிவபாலன் திரையை மூடச் சொல்லிக் கையை ஆட்டினார். கயிறு கீர்த்தியின் கையில் இருந்தது. அவள் அதை ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"கமலா, தெரு கை தூக்கித் தேர்ந்தெடுத்து வந்தவங்க நாங்க" என்றார் சிவபாலன். இப்போது பிரதமரின் குரல் இல்லை. "நீ உங்கப்பனுக்குப் பொறந்த, அவ்ளோதான். யாரு பெரிசு?"

"நீங்கதான் பெரிசு அண்ணே. அதைத்தான் மூணு வாரமா நானும் யோசிச்சுக்கினு இருந்தேன். என்னை ஒருத்தரும் கை தூக்கிக் கொண்டாரல. ஒருத்தர் பொறந்ததால பெரியவங்கன்னா, அந்தப் பதவியே தப்புதான். இனிமே பெரியதனமே வேணாம்னு பதினெட்டாம் தீர்மானம் எழுதிக் கொண்டாங்க. மொத ஆளா நான் போடறேன்." மீசை விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. "ஆனா அதுவரைக்கும் இந்தக் கடைசி வரி என்னுது. இதுல போடமாட்டேன். ஏகமனசுன்னு எழுதியிருக்குது. கை தூக்கினவங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க. இதுக்காகத்தான் தூக்கினோம்னு எழுந்து சொல்லட்டும்."

யாரும் எழவில்லை. நடு வரிசையிலிருந்து தெருக்கோடி வீட்டு இந்திராணியின் குரல் வந்தது. "எங்க வூட்டாண்ட வந்து எவனும் இதெல்லாம் கேக்கலியேப்பா."

கமலவேணி நோட்டை மூடித் தாம்பாளத்தில் வைத்தாள். பேனாவை அங்கிக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை கமிட்டியில் நான்கு பேர்தான் புறப்பாட்டுக்கு வந்தார்கள். சிவபாலன் வந்தார். வாசலுக்கு வாசல் மணி அடித்துப் பல்லக்கை நிறுத்துவது செயலாளரின் வேலை. அதை அவர் இன்னொருவரிடம் விடுவதாக இல்லை. பரிவட்டம் கட்டிய கமலவேணியின் மேலுதட்டில் கோந்துத் தடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

தேவேந்திரன் வாசலில் கோலம் போட்டிருந்தது. அவரும் புவனேஸ்வரியும் தேங்காய்த் தட்டோடு நின்றார்கள், தலை குனியாமல். சிவபாலன் மணியை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்து நடந்தார்.

கமலவேணி நின்றாள். அவளுக்குப் பின்னால் பல்லக்கு நின்றது.

பத்து அடி தள்ளி, தான் தனியாகப் போய்க்கொண்டிருப்பது சிவபாலனுக்குத் தெரிந்தது. திரும்பினார். "நடக்கச் சொல்லுபா" என்றார் பல்லக்குத் தூக்கிகளிடம்.

"பெரியதனத்தைத் தாண்டக் கூடாதே" என்றான் முன்னால் இருந்தவன், தோளை மாற்றிக்கொண்டே.

"பதினெட்டு இன்னிக்கே எழுதிடுவேன் கமலா."

"எழுதுங்கண்ணே. பேனா எங்கிட்டதான் இருக்குது."

அவள் நகரவில்லை. புவனேஸ்வரி தீப்பெட்டியை உரசினாள். கற்பூரம் முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது.