டாக்டரின் ஐஸ் பெட்டி

செத்த பிறகும் சவுரிராயனின் ஈறில் ரத்தம் கசிந்தது. மனைவி இருதயசெல்வி பழைய வேட்டித் துணியால் துடைத்தாள். மறுபடி கசிந்தது.

"வெயில் ஏறுதும்மா, பெட்டிய மூடிடலாம்" என்றார் மாதா கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை.

"அவரு தம்பி வரட்டும். விழுப்புரத்துல ரயில் மாறிக்கினு இருப்பாரு. மொகத்தப் பாக்காம மூடக்கூடாது."

திண்டிவனத்து வெயிலுக்கு உடம்பு தாங்குமா என்று அவளுக்கும் பயம்தான்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. வந்தது யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திக்கொண்டாள்.

வந்தவர், மேற்கே மலைக்காட்டில் ரத்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி தயாரிக்கும் ஆய்வுக்கூடத்தின் பெரிய டாக்டர் அருள்நாதன். சவுரிராயன் அங்கே எலிக்கூண்டு கழுவியவன். சாதாரணக் காய்ச்சல்தான் என்று சொல்லி அவனை வீட்டுக்கு ரயிலேற்றிவிட்டவரும் இவர்தான். இப்போது ரப்பர் கையுறையோடு, ஐஸ் பெட்டியும் கண்ணாடிக் குழாய்களுமாக வந்திருந்தார்.

"கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கிறேம்மா. மருந்த இன்னும் நல்லா செய்யலாம். நெறய பேரு பொழைப்பாங்க."

"அந்த நெறய பேருல இவரு இல்லீங்களா?"

டாக்டர் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தார்.

முதல் ஊசி மருந்து தயாரானபோது டாக்டர்கள், கிளார்க்குகள் எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். ஸ்பிரிட் பஞ்சு எடுத்துக் கொடுத்தவன் சவுரிராயன். அவன் முறை வந்தபோது மருந்து தீர்ந்துவிட்டது. அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்களாம். காய்ச்சலில் கிடந்தபடி இதைச் சிரித்துக்கொண்டேதான் அவளிடம் சொன்னான்.

"எடுத்துக்கோங்க. மொதல்ல முத்தி பண்ணுங்க" என்றாள்.

இறந்தவர் கையிலிருக்கும் சிலுவையை முத்தமிட்ட பிறகுதான் துக்க வீட்டில் மற்றதெல்லாம். அருள்நாதனும் கிறிஸ்தவ வேதக்காரர்தான், அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலுவையில் ரத்தம் ஒட்டியிருந்தது. அவள் வேண்டுமென்றே துடைக்காமல் விட்டிருந்தாள்.

டாக்டர் குனிந்தார். பாதியில் நின்றுவிட்டார்.

"ஊசி போட்டுக்கினீங்களே. இன்னா பயம்?"

"அது... கேக்குமான்னு இன்னும் நிச்சயமாத் தெரியலம்மா."

"அப்ப தெரிஞ்சிக்கினு வாங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருக்க அவர் முகம் வெளுத்துப்போனது. அது அவளுக்குப் போதவில்லை. காலிக் குழாய்களை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஐஸ் பெட்டி..." என்றார்.

அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஜீப் போன பிறகு பெட்டியைத் திறந்து, ஐஸ் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புருஷனின் விலாவோரம் அடுக்கினாள்.