சாமந்திக்கு இருட்டு வேண்டும்

ஓசூர்ப் பக்கம் சானமாவு கிராமத்தில் மணிமேகலை போட்டிருந்த சாமந்தி தழதழவென்று வளர்ந்து நின்றது. பூ மட்டும் இல்லை. ஆயுதபூஜையோ நெருங்கிவிட்டது. ஓசூர்க் கம்பெனி ஒன்று மெஷின்களுக்கு மாலை போட அவளிடம்தான் பூ சொல்லியிருந்தது. இதையும் கோட்டைவிட்டால் நிலத்தில் பழையபடி தக்காளிதான் என்று மாமியார் நாராயணம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

தாவரவியல் படித்தவளுக்குச் சந்தேகமெல்லாம் மாடி லைட்டின் மேல்தான். வீட்டுக்கு மேற்கே காடு, கிழக்கே தோட்டம். யானைக்குப் பயந்து கணவன் மாதேஸ்வரன் தோட்டத்தைப் பார்த்து ஒரு போகஸ் லைட் கட்டியிருந்தான். அவனுக்கு எத்தனை தடவைதான் சொல்வது! இரவு நீளமாக, இருட்டாக இருந்தால்தான் சாமந்தி இலை ஒரு புரதத்தைச் செய்யும். அது தண்டு வழியே நுனிக்குப் போய், அங்கிருக்கும் செல்லுக்குள் இன்னொரு புரதத்தோடு சேர்ந்தால்தான் செடி மொட்டு விடும். நடுச்சாமத்தில் வெளிச்சம் பட்டாலோ, பூக்காதே என்று சொல்லும் வேறொரு புரதத்தை இலை அனுப்பிவிடும். தளி பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி அது முந்திப் போய் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இனி லைட்டே போடமாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

அன்று காலை மடை திருப்பப் போனவள், மோட்டார் ரூமுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள். அங்கே மட்டும் செடிக்குச் செடி மொட்டு. மாடி லைட்டைப் பார்த்தாள். அது எரிந்தால் மோட்டார் ரூமின் நிழல் விழுகிற இடத்தில் மட்டும்தான் பூ வருகிறது. அடப்பாவி மனுஷா!

தூங்கிக்கொண்டிருந்தவனை இழுத்து வந்து காட்டினாள். திருதிருவென்று விழித்தான். செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்ததும் தினமும் லைட்டைப் போட்டு, அவள் எழுமுன் அணைத்துவிடுவானாம்.

"வெடியக்காலத்துல நீ தனியா தண்ணி கட்டப் போறே. ஆனை வந்து நின்னுட்டிருந்தா? பூ போனா போவுது, நீ..."

மணிமேகலைக்கு மனசு இளகத்தான் செய்தது. கோபம்தான் இறங்கவில்லை.

"ஆனை காட்டுலருந்துதானே வருது? லைட்டைக் காட்டுப் பக்கம் திருப்பி வெச்சிருந்தா என்னங்க?"

மாதேஸ்வரன் அண்ணாந்து லைட்டைப் பார்த்தான், காட்டைப் பார்த்தான். தனக்கு அது தோன்றவே இல்லை என்றான்.

ஆயுதபூஜையன்று கம்பெனி மெஷின்கள் வேறு யாருடைய பூவையோ போட்டுக்கொண்டன. நிழலில் பூத்ததில் ஒரு மாலைதான் தேறியது. மணிமேகலை அதை மாடிக்குக் கொண்டுபோய் அந்த லைட்டுக்குச் சாத்தினாள். கீழே நாராயணம்மா தக்காளி நாற்றுக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்.