அடுக்களையில் இருந்த ஓடுபாதை

நெல்லைநாயகத்தின் விமானம் ஹாலில் கிளம்பி அடுக்களையில் இறங்கும். ஹாலில் விமான விளையாட்டு ஓடும் பழைய கம்ப்யூட்டரில் விமானத்துக்கு மட்டும்தான் இடம் இருந்தது. ஓடுபாதை, அதன் விளக்குகள், சுற்றிலும் உள்ள வயல், காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் எல்லாம் ஆட்-ஆன் என்று தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டியவை. அவற்றை அடுக்களை மேடையில் இருக்கும் மனைவி சண்முகவடிவின் லேப்டாப்பில் ஏற்றி, வீட்டு நெட்வொர்க்கில் இரண்டையும் இணைத்திருந்தார். ரௌட்டர் ஃபிரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருந்தது. கிளம்புவதற்கு மட்டும் ஓடுபாதை வேண்டாமா என்று கேட்டால், அந்த வீட்டு ஹால் நல்ல நீளமான ஹால்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை துடைத்ததும் கிளம்புவார். கிளம்பிவிட்டால் நாற்காலி காலியாகிவிடும், துண்டு மட்டும் அதன் கைப்பிடியில் கிடக்கும். சாயங்காலக் காபிக்குச் சரியாக அடுக்களையில் வந்து இறங்குவார். காது அடைத்திருக்கும், அதனால் சண்முகவடிவு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். பாளையங்கோட்டையில் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஆண்கள் வைத்திருக்கும் பொழுதுபோக்குகளில் இது ஒன்றும் மோசமில்லை என்பது அவள் எண்ணம். சீட்டாட்டத்தைப் போலக் கடன் வாங்க வைக்காது, வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை, அவர் மேலே இருந்த நேரம் பார்த்து லேப்டாப் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. சண்முகவடிவு அதைக் கவனிக்கவில்லை, வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். டிகாக்ஷன் இறங்கியிருந்தது. வழக்கமான நேரத்தில் விமானத்தின் நிழல் அடுக்களைச் சுவரில் காலண்டரைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனது. மூன்றாம் முறை போனபோது அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வடிவு," என்று ஹால் ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. "கீழ ஒண்ணையும் காணோம்."

அவள் ஹாலுக்குப் போய்ப் பார்த்தாள். திரையில் விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது, அதன் கண்ணாடிக்குப் பின்னால் அவர் தலை தெரிந்தது. கீழே வயலும் இல்லை, விளக்கும் இல்லை, வெறும் சாம்பல் நிறம். லேப்டாப்பை அணைத்துப் போடச் சொன்னார். அணைத்துப் போட்டாள். ரௌட்டரை அணைத்துப் போடச் சொன்னார். ரௌட்டரை அணைத்ததும் பேச்சு பாதிச் சொல்லில் நின்றுவிட்டது, விமானமும் நின்ற இடத்திலேயே நின்றது. திரும்பப் போட்டதும் அவர் விட்ட இடத்தில் இருந்து அதே வாக்கியத்தை முடித்தார். இனி அதைத் தொடுவதில்லை என்று அவள் முடிவு செய்தாள்.

பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே வந்திருந்தது. இரத்த அழுத்த மாத்திரையை அவர் காபிக்கு முன்னால் போட வேண்டும், அது அடுக்களையில் இருந்தது. அவள் சகாயமேரிக்கு போன் செய்தாள்.

சகாயமேரி கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள், சமாதானபுரத்தில் கடை வைத்திருந்தாள். பள்ளியில் சண்முகவடிவிடம் கணக்குப் படித்தவள். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வருவதற்கு முன் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்து, சார் ரொம்ப நேரமா சுத்துறாங்களா டீச்சர் என்று விசாரித்தாள். பிறகு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருந்தன. ஒன்றை ஒன்று கூப்பிட்டால் கேட்டது. வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வால் விமானங்களை மறித்துக்கொண்டிருந்தது, அதைத் திறந்துவிட்டாள். சண்முகவடிவு இதற்குள் வாழைக்காயை எண்ணெயில் போட்டிருந்தாள். கீழே இருந்து ஒரு வாசனை வருவதாக நெல்லைநாயகம் சொன்னார். வாழைக்காய் வறுவல்தானே என்று கேட்டார். ஆனால் ஓடுபாதை வரவில்லை.

"புதுசானதுல இருந்து இது ஆள் பேர் கேட்டுத்தான் உள்ள விடுது, டீச்சர்," என்றாள் சகாயமேரி. "நீங்க யாருக்கு அனுமதி குடுத்து வச்சிருக்கீங்கன்னு பாக்கேன்."

பார்த்தாள். ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி இருந்தது. அந்த ஆளின் பெயர் 'ஏங்க'.

லேப்டாப் வாங்கிய புதிதில், வீட்டில் வேறு யார் இதைப் பயன்படுத்துவார்கள் என்று அது கேட்டிருந்தது. சண்முகவடிவு தன் வாயில் இருந்ததை அப்படியே அடித்துவிட்டாள். ஏங்கவுக்கு அதில் எல்லா உரிமையும் இருந்தது. வரலாம், இறங்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், சர்க்கரை டப்பா தவிர எதை வேண்டுமானாலும் திறக்கலாம். ஆனால் மேலே இருந்து அனுமதி கேட்டுக்கொண்டிருந்தவர் கேப்டன் சு. நெல்லைநாயகம்.

சார் பேரை நீங்களே அடிச்சிருங்க, வீட்டுக்காரங்க குடுத்தாத்தான் எடுக்கும் என்று சொல்லி சகாயமேரி நகர்ந்து இடம் விட்டாள்.

சண்முகவடிவு கணவர் பெயரைச் சொன்னதே கிடையாது. சொன்னால் ஆயுசு குறையும் என்பதையெல்லாம் அவள் நம்பவில்லை, கணக்கு டீச்சர் அப்படியெல்லாம் நம்புவதில்லை. கல்யாணமான புதிதில் சொல்லவில்லை, பிறகு சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு வருஷம் அவள் வகுப்பில் நெல்லைநாயகம் என்று ஒரு பையன் வந்து சேர்ந்தான். வருஷம் முழுக்க அவனை ஜன்னலோரம் என்று கூப்பிட்டே ஒப்பேற்றினாள். வருகைப் பதிவின்போது அந்தப் பெயர் வந்ததும் ஜன்னலைப் பார்ப்பாள், அவனும் புரிந்துகொண்டு எழுந்திருப்பான்.

இப்போது ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். கன்னம் சூடானது. லேப்டாப் கொஞ்ச நேரம் யோசித்தது. இந்த வீட்டில் இந்தப் பெயரில் யாரையும் கூப்பிட்டுக் கேட்டதில்லை என்றும், இருந்தாலும் வந்தவரை வாசலில் நிறுத்துவது முறையில்லை என்பதால் விருந்தாளியாகச் சேர்த்துக்கொள்வதாகவும் அது தெரிவித்தது. விருந்தாளிகளுக்குப் பார்க்க மட்டும் அனுமதி.

ஹால் திரையில் ஓடுபாதை எழுந்தது. வயல் பச்சையானது, விளக்குகள் வரிசையாக எரிந்தன. விமானம் தாழ்ந்தது. மின்விசிறி உயரம் வரைக்கும் வந்து, அதற்குக் கீழே வர முடியாமல் மறுபடியும் மேலேறியது.

"தெரியுது வடிவு," என்றார். "மேடை தெரியுது, டம்ளர் தெரியுது, நீ நிக்கது தெரியுது. எறங்கத்தான் முடியல."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கேட்ட சண்முகவடிவுக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சகாயமேரி வேறு வழி ஏதும் உண்டா என்று தேடிப் பார்த்தாள். விருந்தாளியை வீட்டு ஆளாக்க அந்தப் புதிய மென்பொருளில் வழியே வைக்கவில்லை. வீட்டு ஆள் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார், அவர் வரட்டும், காத்திருக்கிறோம் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

சண்முகவடிவு ஹாலுக்குப் போய் மைக்கை எடுத்தாள்.

"ஏங்க."

"சொல்லு."

"மேல நீங்க யாருன்னு போட்டிருக்கோ, அத மாத்துங்க. ஏங்கன்னு போடுங்க."

அவர் ஏன் தயங்குகிறார் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயசில் வீட்டில் அவரை ராசா என்றார்கள். வேலைக்குப் போன பிறகு வீடு வீடாக மீட்டர் கணக்கெடுத்தார், எல்லா வாசலிலும் அவர் கரண்ட்டுக்காரர். வீட்டில் ஏங்க. நெல்லைநாயகம் என்ற பெயரை முழுசாக யாரும் கூப்பிட்டு அவர் கேட்டது மேலே போன பிறகுதான். பக்கத்து வானத்தில் போகிற விமானிகள் கேப்டன் நெல்லைநாயகம் என்று விளித்து வானிலை விசாரிப்பார்கள். இறங்கி வந்து காபி குடிக்கும்போது அதைத்தான் முதலில் சொல்வார்.

"காபி ஆறிட்டு இருக்கு," என்றாள்.

"சரி," என்றார் அவர். "ஏங்கன்னே போட்டுட்டேன்."

லேப்டாப் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. விமானம் மின்விசிறியைத் தாண்டி, தாளிப்புக் கரண்டிகள் தொங்கும் கம்பியைத் தாண்டி இறங்கி, வாழைக்காய்த் தோலுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. நெல்லைநாயகம் அடுக்களையில் நின்றுகொண்டு தலைமுடியை ஒதுக்கிவிட்டார். அவள் மாத்திரையை நீட்டினாள், காபியை மறுபடியும் சூடு பண்ணினாள். சகாயமேரியும் உட்கார்ந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டு, புதுப்பிப்பைத் தானாக நடக்காதபடி நிறுத்திவிட்டுக் கிளம்பினாள். அவர் அன்று விமானிகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வறுவல் நன்றாக இருப்பதாகச் சொன்னார். சண்முகவடிவுக்கு மனசு பாரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைந்துவிட்டதா என்று ஏறிப் பார்க்க அவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க."

தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த விமானம் ஒன்று பாதையை விட்டுத் திரும்பி, தென்னை மரங்களுக்கு மேலே தாழ்ந்து வந்து நின்றது. விமானி பக்கத்துக் கண்ணாடியைத் தள்ளித் திறந்து, "சொல்லுங்கம்மா," என்றார்.

ஒருவர் பெயர் ஒரு தடவை வானத்தில் பதிந்துவிட்டால் எல்லோருக்கும்தான் கேட்கும், அதுவும் ஏங்க என்றால் எந்த விமானிக்கும் தன்னைக் கூப்பிட்ட மாதிரிதான் இருக்கும். உங்களைக் கூப்பிடவில்லை, எங்கள் வீட்டில் கூப்பிட்டேன் என்று அவள் மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்று அவர் கண்ணாடியைச் சாத்திக்கொண்டு போனார். ஜன்னல் ஜன்னலாக ஆட்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அத்தனை பேருக்கும் தன்னால் நேரமாகிவிட்டதே என்று அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கிழக்கே அடுத்த விமானத்தின் விளக்கும் தெரிந்தது. அதையும் நிறுத்திவைப்பது நியாயமில்லை.

அவள் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் வந்தாள். சுற்று வீட்டு மாடிகளில் யாரும் இல்லை.

"நெல்லைநாயகம்," என்றாள்.

கீழே செய்தித்தாளின் சலசலப்பு நின்றது. கிழக்கே தெரிந்த விமானம் தன் வழியே போனது. இரண்டாம் தடவை கூப்பிடுவது முதல் தடவையைவிட எளிதாக இருந்தது. வாய்க்குப் பிடித்துக்கூட இருந்தது.

"நெல்லைநாயகம்."

"உள்ளேன் டீச்சர்," என்று கீழே இருந்து பதில் வந்தது.

அவர் படிக்கட்டுப் பக்கம் வரவில்லை. முற்றத்தில் இருந்து நேராக எழும்பி, முருங்கை மரத்தைத் தாண்டி, தோளில் துண்டோடு மாடிக்கு மேலே வந்து நின்றார். காலில் செருப்பு இல்லை. முகம் கல்யாண போட்டோவில் இருந்த மாதிரி இருந்தது.

"வந்ததும் வந்தீங்க," என்றாள் சண்முகவடிவு, "தொட்டி நெறஞ்சிருச்சான்னு பாத்துட்டு எறங்குங்க."

அவர் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, மேலே இருந்தபடியே மூடியைத் தூக்கிப் பார்த்தார். இன்னும் ஒரு சாண் குறைகிறது என்றார். அது நிறைகிற வரைக்கும் அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.