விசில் டீச்சரின் கதவு

அறிவியல் டீச்சரிடம் போய் உங்களுக்கு வயிற்றெரிச்சல் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். மாத்திரை போட்டால் போகிற எரிச்சல் என்று சாதிப்பாள். ஆனால் விளையாட்டு டீச்சர் கழுத்தில் விசிலை ஆட்டிக்கொண்டு வராந்தாவில் வந்தால் போதும், இவளுக்கு உள்ளே குபுகுபுவென்று பற்றிக்கொள்ளும். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் விசில் டீச்சர். ஆசிரியர் அறையில் வெறும் விசில்.

இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், இப்போது ஒரே படிப்பும்கூட. பள்ளி ஆலோசகராக விரும்பும் ஆசிரியர்களுக்கான முதுகலைப் படிப்பு அது, சனிக்கிழமைதோறும் வகுப்பு. முடித்து வந்தால் பள்ளியில் ஆலோசகர் வேலை காத்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு வேலைதான். "யார் நல்லா செய்றீங்களோ அவங்களுக்கு," என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

எழுத்துத் தேர்வில் அறிவியல் டீச்சரை அடிக்க ஆளில்லை. தடித்தடியான உளவியல் புத்தகங்களைக் கரைத்துக் குடித்திருந்தாள். விசில் தட்டுத்தடுமாறித்தான் தேறினாள். வினை வந்தது செயல்முறைப் பயிற்சியில். கூடப் படிக்கும் பெண் ஒருத்தி எதிரே உட்கார்ந்து, தனக்குத் தூக்கமே வருவதில்லை என்று ஆரம்பித்தாள். அறிவியல் டீச்சர் அவளை முடிக்க விட்டால்தானே? தூக்கம் கெடுவதற்கான காரணங்களை விளக்கி, தீர்வுகளை அடுக்கி, கடைசியில், "புரிஞ்சுதா? எங்கே, திருப்பிச் சொல்லுங்க," என்றாள்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. "பாடம் நல்லா நடத்தினீங்க டீச்சர்," என்றார் பேராசிரியர். "அவங்களைத்தான் பேச விடல."

அடுத்து விசில் போய் உட்கார்ந்தாள். தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். எதிரே இருந்தவள் கணவனுக்கு வேலை போன கதையெல்லாம் கொட்டி அழுது தீர்த்தாள். "இதைத்தான் நான் சொல்றேன்," என்று பேராசிரியர் பூரித்துப்போனார். சும்மா இருந்ததற்கு ஒரு பாராட்டா!

கடைசிப் பருவத்தில் அவரவர் பள்ளியிலேயே பயிற்சி. மதிய இடைவேளையில் இருவரும் ஆளுக்கோர் அறையில் உட்கார வேண்டும், பிள்ளைகள் விரும்பியவரிடம் போகலாம். இவளுக்கு ஆய்வகத்தை ஒட்டிய சின்ன அறை. விசிலுக்குப் பந்தும் வலையும் குவிந்துகிடந்த சாமான் அறை, அதுவும் நேர் எதிரே. அந்த வாசலில் தினமும் கூட்டம் நின்றது. இந்தப் பக்கம் வந்தவர்களோ வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்க வந்தவர்கள். ஒருத்தி வாசலில் தயங்கி நின்றபோது டீச்சர் ஆவலோடு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவளும் அமிலத்தைப் பற்றித்தான் கேட்டாள்.

ஒருநாள் எதிர்க் கதவு திறந்தது. வெளியே வந்தது அறிவியல் டீச்சரின் மகள், அதே பள்ளியில் படிப்பவள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் சிரிப்பு. வீட்டில் எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற மகள். பள்ளிக்கூடம் முழுக்க அவளிடம் போகட்டும், வேலையும் போய்த் தொலையட்டும், பெற்ற பிள்ளையுமா? டீச்சர் விறுவிறுவென்று போய் விசிலை மடக்கினாள்.

"என் பொண்ணு உங்ககிட்ட என்ன சொன்னா?"

"அதை நான் சொல்லக் கூடாதே டீச்சர். உங்களுக்குத் தெரியாததா?"

"நான் அவளோட அம்மா."

"அப்ப அவகிட்டயே கேளுங்களேன்," என்றாள் விசில், சாதாரணமாக.

அந்தச் சாதாரணம்தான் டீச்சரை உலுக்கியது. கூடப் படிப்பவரின் பிள்ளைக்கு ஆலோசனை சொல்லக் கூடாது என்பது படிப்பின் விதி. பேராசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் விசிலின் பயிற்சி அத்தோடு சரி, வேலை தன் மடியில் வந்து விழும். சாயங்காலம் சமையலறையில் நின்று, பேராசிரியரின் எண்ணை எடுத்தேவிட்டாள்.

மகள் வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாதே."

டீச்சர் செல்போனைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு விசில் டீச்சர்கிட்டப் போனேன். 'உங்கம்மாகூடப் படிக்கிறேன், உனக்கு ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்ல. இப்பத்தான் பேராசிரியர்கிட்டயும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். அம்மாகிட்ட எப்படிப் பேசறதுன்னு வேணா ஒத்திகை பாக்கலாம்'னாங்க. அவங்கதான் நீயா நடிச்சாங்க. நான் வாயைத் திறக்கல, அதுக்குள்ள 'சரி, இதுக்கு என்ன தீர்வு?'ன்னாங்க. அச்சு அசல் நீயேதான்! சிரிச்சுச் சிரிச்சு அழுகையே வந்துருச்சு."

புகார் சொல்லக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டாளே, பாவி!

"எனக்கு அறிவியல் வேணாம்மா. அடுத்த வருஷம் வேற பிரிவுக்குப் போறேன்."

அறிவியல் ஏன் வேண்டும் என்பதற்குக் காரணங்கள் டீச்சரின் நாக்கு நுனிவரை வந்து முட்டி மோதின. பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கியது, அடுப்பை அணைத்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

மகள் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "உன் வகுப்புல எனக்கு மட்டும் ஒரு பதில் தெரியலன்னா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்கம்மா. நீயும் பாக்கறே. நீ பாக்கறதைத்தான் தாங்க முடியல."

டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மகள் மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டு, எத்தனையோ நாளுக்குப் பிறகு, அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"அம்மா, இன்னைக்கு நீ அப்படியே விசில் டீச்சர் மாதிரி இருந்தே."

டீச்சர் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். வயிறு பற்றி எரிந்தது, மாத்திரைக்கெல்லாம் அடங்காத எரிச்சல். ஆனாலும் கையை எடுக்கவில்லை.