நூலகத்துக்குப் போன பெயர்

பல்கலைக்கழகத்தின் புது நூலகத்து நெற்றியில் லிண்டன் கார்பெரியின் பெயரை வெண்கல எழுத்துகளில் பதித்து முடித்த வியாழக்கிழமை பகலிலிருந்து, அவரைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எழுதுவதற்குத் தடையில்லை, அதனால் இங்கே எழுத முடிகிறது. திறப்பு விழா மேடையில் பல்கலைக்கழகத் தலைவி கிரேட்டா ஹோல்ம்குவிஸ்ட், "இந்த நூலகத்தை நமக்குத் தந்த..." என்று ஆரம்பித்து, வாயை இரண்டு முறை திறந்து மூடி, "இதோ, இவர்" என்று கையைக் காட்டி முடித்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே அந்த வட்டாரத்தில், பணம் போடுகிறவர் மேடையேறினால் எதற்கும் கைதட்டுவார்கள்.

கார்பெரி துணிகர முதலீட்டாளர். அதாவது, ஊராரின் ஓய்வூதியப் பணத்தை வாங்கி, வெறுங்காலோடு அலுவலகம் வரும் பிள்ளைகளின் கம்பெனிகளில் கொட்டுவார். நாய்களுக்கு மனநல ஆலோசனை சொல்லும் கம்பெனி, எழுந்தால் திட்டும் நாற்காலி செய்யும் கம்பெனி என்று முக்கால்வாசி மண்ணாய்ப் போகும். ஏதோ ஒன்று பிழைத்துக்கொண்டு அவரைத் தீர்க்கதரிசி ஆக்கிவிடும். முடியாது என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை, அந்தத் தொழிலில் அது அநாகரிகம். "உங்க யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, இன்னும் கொஞ்சம் வளந்ததும் வாங்க" என்பார். வந்தவன் சிரித்த முகத்தோடு படியிறங்கி, பாதி வழி போன பிறகுதான் தனக்குக் கிடைத்தது கல்தா என்று தெரிந்துகொள்வான். சம்பாதித்ததில் ஒரு பங்கைத் தான் படித்த பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். வரியும் குறைந்தது, நெஞ்சும் நிமிர்ந்தது.

பெயர் போனது முதலில் வசதியாகத்தான் இருந்தது. அவர் மேல் போட்ட வழக்கின் தாளைப் பெயர் கேட்டுக் கொடுக்க வந்தவன் வாசலில் நின்று, "நீங்கதானே... நீங்கதானே..." என்று திக்கிவிட்டுப் போய்விட்டான். காபிக் கடையில் கோப்பை மேல் எழுதிய பெயரைக் கூப்பிட முடியாமல் காபி ஆறியது, அவ்வளவுதான் நஷ்டம். வீட்டில்தான் வந்தது வினை. நம் ஊரில் புருஷன் பெயரைச் சொல்லாமலே ஆயுளைக் கழித்த பெண்கள் உண்டு. கலிபோர்னியாவில் அது நடக்காது. மனைவி பெர்னிஸ் கல்யாணமான நாள் முதல் லிண்டன் லிண்டன் என்று கூப்பிட்டே பழகியவள்.

"பேரில்லாத ஆளோட எப்படிப்பா குடித்தனம் பண்றது? ஏய்னு கூப்பிட்டா நாய் ஓடி வருது," என்றாள் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில். "போய்ப் பேரைத் திருப்பி வாங்கிட்டு வா. இல்லேன்னா நான் ஓரிகான்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன்."

கம்பெனிகள் மூழ்கியபோதுகூட ஒருவேளைச் சாப்பாட்டை விடாத கார்பெரி, அன்று தட்டைத் தள்ளி வைத்தார். அவர் மனசுக்குள்கூட முடியாது என்று சொல்ல விரும்பாத ஒரே ஆள் பெர்னிஸ்தான்.

மறுநாளே தலைவியிடம் போய்ப் பெயரைத் திருப்பிக் கேட்டார். "உங்க யோசனை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றார் கிரேட்டா. கார்பெரிக்குப் பாதி வழி போக வேண்டியிருக்கவில்லை, அங்கேயே புரிந்துவிட்டது. வக்கீல் மட்டும் ஒரு வழி சொன்னார். பெயருக்கு உரியவர் மானங்கெட்டவர் என்று ஆகிவிட்டால், பல்கலைக்கழகமே எழுத்துகளைப் பெயர்த்து எறிந்துவிடும்.

அதுதானே வேண்டும் என்று கார்பெரி ஒரு பெரிய மாநாட்டு மேடையில் ஏறினார். "டோரியன் விக்ஸ்னு ஒரு பையன். அவன் ஆரம்பிச்ச கம்பெனியிலிருந்தே அவனை வெளியே தள்ளினேன், அதுவும் அவன் கல்யாணத்தன்னிக்கு. செத்துப்போன கம்பெனிய உயிரோட இருக்குன்னு சொல்லி வித்தேன். நான் அயோக்கியன்," என்றார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. செய்த தப்பை மேடையில் ஒப்புக்கொள்வது அங்கே பெருமை. அந்த டோரியனே கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையேறி, அவரைக் கட்டிப்பிடித்து, புதுக் கம்பெனிக்குப் பணம் போடுகிறீர்களா என்று காதோடு கேட்டான். பல்கலைக்கழகம் நெகிழ்ந்துபோய், நூலகத்தை ஒட்டியே கார்பெரி நேர்மை ஆய்வு மையம் என்று ஒரு கட்டடம் எழுப்பியது. அதன் பலகையை மாட்டிய அன்று அவர் குரலும் போயிற்று.

பெர்னிஸ் பெட்டியைக் கட்டினாள். கார்பெரி பேசாமல், பேச வழியில்லாமல், காரை ஓட்டினார். போகிற வழியில் அந்த நூலகத்தை நாலு கேள்வி கேட்காமல் போவதில்லை என்று இறங்கிப் படியேறியவள், நெற்றியிலிருந்த எழுத்துகளை நிமிர்ந்து பார்த்து, "லிண்டன்" என்றாள். தங்குதடையில்லாமல் வந்தது.

"சொல்லும்மா," என்றது நூலகம். அதே குரல்.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள், திட்டினாள், அழுதாள். நூலகம் நடுவில் ஒருமுறைகூட போனைப் பார்க்கவில்லை. ஓரிகான் பயணம் நின்றுபோனது. அதன் பிறகு தினமும் மதியம் வந்தாள். வான்கோழி சாண்ட்விச்சைப் பிரித்து வைத்துக்கொண்டு மாலைவரை பேசிக்கொண்டிருப்பாள், நூலகம் உம் கொட்டும், சில நாள் சிரிக்கும். மாணவர்கள் அவளுக்கு இடம் விட்டு ஓரமாக ஏறிப் போவார்கள். கார்பெரி கீழே காரில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மாலை ஐந்து மணிக்கு அவள் பாவாடையில் ஒட்டிய ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"வரேன் லிண்டன். டிரைவர் ரொம்ப நேரமா காத்திட்டிருக்கார், பாவம்."

கார்பெரி இறங்கி வந்து பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.